ஆஹார சுத்தியும் அகிலத்தின் வெம்மையும்

மார்கழி நோன்பு நோற்ற ஆண்டாள் நாச்சியார், மழை பெய்தால் மட்டும் போதும் என்று வேண்டிவிடவில்லை. திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தில், நாட்டுக்குக் கேடு செய்யாத மழையையே அப்பிராட்டி கேட்கிறாள். மழை என்றாலே நன்மையாயிற்றே, அதற்கு இப்படி ஒரு நிபந்தனை எதற்கு என்னும் ஐயம், காலட்சேபம் கேட்கும் அன்பர்களுக்கு எழுவதுண்டு. அவ்வையத்திற்கு விடையாக அமைந்தது இம்மாவட்டம் அண்மையில் கண்ட துயரம். 2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையால் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து அடிவாரத்து இல்லத்தை மூடின. சிறுவர் சிறுமியர் உட்பட 7 பேர் உயிர் நீத்தனர். உயிரளிக்க வேண்டிய மழையே உயிர் கவர்ந்தது.

ஒரு புயலைச் சுட்டி, இதற்கு இன்ன மனிதச் செயலே காரணம் என்று அறுதியிட்டுக் கூறுதல் எளிதன்று. ஆயினும், காற்றின் வெம்மை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கும் நீராவி நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு மிகும் என்பது பௌதிக சாஸ்திரம் கண்ட நியதி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்த நிலையோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் பூமியின் சராசரி வெப்பம் 1.1 டிகிரி உயர்ந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் எழும் கரியமில வாயுவே இதற்கு முதற்காரணம். அதனை அடுத்து நிற்பது மீத்தேன் என்னும் வாயு. எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெம்மையை இது சிறைப்படுத்துகிறது. இந்த மீத்தேனின் வழியாகத்தான் உலகின் சீதோஷ்ணமும் மனிதன் உண்ணும் இலையும் ஒன்றோடொன்று பிணைகின்றன.

புலால் மறுப்பை ஓர் இயக்கமாக நடத்தும் அன்பர்கள், முன்னெல்லாம் ஜீவகாருண்யத்தையும் தேக ஆரோக்கியத்தையும் காரணமாகக் காட்டுவர். இக்காலத்தில் மூன்றாவதாக இவ்வெம்மையையும் சேர்த்துக் கூறுகின்றனர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. மனிதச் செயலால் விளையும் வெப்ப வாயுக்களில் நூற்றுக்கு 14.5 பங்கு கால்நடை வளர்ப்பால் எழுவதாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் கணித்தது. 2023இல் அதே நிறுவனம் செய்த மறுகணிப்பு அதனை 12 பங்கு என்றது. தென் அமெரிக்காவின் அமேசான் பெருங்காடு அழிவதற்குத் தலையாய காரணம் மாட்டிறைச்சிக்காக மேய்ச்சல் நிலம் திருத்துவதே. ஐ.நா.வின் சீதோஷ்ண ஆய்வுக் குழுவிற்கு 2002 முதல் 2015 வரை தலைவராயிருந்த இந்தியர் ராஜேந்திர பச்சௌரி, தாமும் மரக்கறி உணவினர். வாரத்தில் ஒரு நாளேனும் புலால் தவிர்க்குமாறு உலக மக்களை அவர் 2008இல் கேட்டுக்கொண்டார்.

இச்செய்திகளைக் கேட்கும் மரக்கறி உணவினர் நெஞ்சில் உள்ளூர ஒரு மகிழ்ச்சி எழுவது இயல்பே. முன்னோர் வகுத்த ஆசாரத்தை விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டது, உலகம் வெந்தாலும் அப்பழி நம்மைச் சாராது என்ற நிம்மதி அது. இந்த நிம்மதிக்கு அவர்கள் உரியவர்தாமா? புலால் இல்லாத இலை, அக்காரணம் ஒன்றினாலேயே குற்றமற்ற இலையாகிவிடுமா? திருவிழாவிற்கு எழுந்தருளும் ஆஸ்திகப் பெருமக்கள் சற்றே நின்று சிந்திக்கத்தக்க வினா இது.

ஆஹாரம் தூயதாயின் மனம் தூயதாகும் என்ற கொள்கையைச் சாந்தோக்ய உபநிஷத்தின் ஏழாம் பிரபாடகம் வகுக்கிறது. ஆதிசங்கரர் அங்கு ஆஹாரம் என்ற சொல்லுக்கு இந்திரியங்கள் வழியாக உள்ளே கொள்ளப்படும் விஷயங்கள் என்று பொருள் கூறினார். பகவத் ராமாநுஜரோ ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், பக்திக்குச் சாதனமாகிய ஏழனுள் முதலாவதான விவேகத்தை விளக்குமிடத்து, உண்ணும் உணவையே எடுத்துக்கொண்டார். உணவைக் கெடுப்பன மூன்று தோஷங்கள் என்பது அங்குக் காட்டப்படுவது. பொருளின் இயல்பிலேயே உள்ள குற்றம் ஜாதி தோஷம். பழிக்கு ஆளானவனும் ஒழுக்கம் வழுவியவனும் உடைய பொருளாயிருத்தல் ஆச்ரய தோஷம். மயிர் விழுதல், எச்சில் படுதல் முதலிய நிகழ்ச்சியால் நேர்வது நிமித்த தோஷம். இவற்றுள் இரண்டாவதைப் பிறப்பின்மேல் ஏற்றிப் பேசியோரும் உண்டு. ஈண்டுக் கொள்ளத்தக்கது ஒழுக்கம் பற்றிய பகுதியே.

இம்முப்பாகுபாட்டின் அருமை யாதெனின், உண்ணும் பொருள் எது என்று கேட்பதோடு அது நின்றுவிடவில்லை என்பதே. அப்பொருள் யாரிடமிருந்து, எவ்வழியாக, என்ன நேர்ந்து இலைக்கு வந்தது என்றும் அது வினவுகிறது. புலாலையும் பூண்டையும் விலக்குவோர் ஜாதி தோஷத்தை விலக்கியவராவர். மற்ற இரண்டும் அவர்கள் வாயிற்படியிலேயே காத்து நிற்கின்றன.

முதலில் அரிசியையே எடுத்துக்கொள்ளலாம். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், கமண்டல நாகநதியின் நீர்வளத்தால், படவேட்டைச் சுற்றி வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் செழித்திருப்பதைச் சேவார்த்திகள் வழிநெடுகக் காண்கின்றனர். வயலில் நீர் இடைவிடாது தேங்கி நிற்குங்கால், மண்ணுக்குள் காற்றுப் புகுவதில்லை. பிராணவாயு இன்றி வாழவல்ல நுண்ணுயிர்கள், அங்குள்ள பழைய தாளையும் வேரையும் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டிலுள்ள நுண்ணிய காற்றுக்குழல்களே அதனை மேலே ஏற்றி வெளியில் விடுகின்றன. ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, மனிதச் செயலால் எழும் மீத்தேனில் நூற்றுக்கு 8 பங்கு நெல்வயல்களிலிருந்து எழுகிறது. வெண்மையான அன்னமும் ஒரு நிமித்தத்தைச் சுமந்துகொண்டே இலைக்கு வருகிறது.

அடுத்தது பாலும் தயிரும் நெய்யும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் புல்லும் வைக்கோலும் நொதித்துச் சீரணமாகும்போது மீத்தேன் உண்டாகி, ஏப்பமாக வெளிப்படுகிறது. இறைச்சிக்கென வளர்த்த மாட்டுக்கும் பாலுக்கென வளர்த்த பசுவுக்கும் இதில் வேற்றுமை இல்லை. மேற்சொன்ன 2021ஆம் ஆண்டுக் கணக்கில் கால்நடையும் அதன் சாணமும் பெறும் பங்கு 32. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பாரத தேசத்தில் மாடுகள் 19 கோடிக்கும் மேல், எருமைகள் ஏறத்தாழ 11 கோடி. கோமாதாவைக் குறைகூறுவதன்று இதன் நோக்கம். வாயில்லா ஜீவனுக்கு வினைப்பொறுப்பு ஏது? பாலும் நெய்யும் எத்துணை வேண்டும் என்று தீர்மானிக்கும் மனிதனுடையதே அப்பொறுப்பு.

இலையை விட்டு எழுந்து உடையை நோக்கினாலும் இதே வினா பின்தொடர்கிறது. அண்டையிலுள்ள ஆரணியின் பட்டு நாடறிந்தது. கூட்டுக்குள் உறங்கும் புழு அந்துப்பூச்சியாகி வெளிப்பட்டால் இழை அறுபடும் ஆதலின், அதற்கு முன்பே வெந்நீரிலோ ஆவியிலோ அது மடிகிறது. இதனை எண்ணியே காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர ஸரஸ்வதி சுவாமிகள் பட்டைத் தவிர்க்குமாறு தம் அடியாரை வேண்டினார். இதனால் தறியிலமர்ந்து வயிறு கழுவும் நெசவாளரைப் பழித்தல் தகாது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் விற்பவனின் செயலுக்கு வேர் வாங்குபவனிடத்தில் உள்ளதென்று காட்டினார். ஊன்கடை வாயிலில் நிற்பவனுக்கு அவர் கூறிய அந்நியாயம், பட்டுக்கடை வாயிலில் நிற்பவனுக்கும் பொருந்தும் அன்றோ?

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். நெல்லிலும் பாலிலும் பட்டிலும் குற்றம் உண்டென்றால், புலால் உண்பதில் மட்டும் தனியே குற்றம் காண்பானேன், எல்லாம் ஒன்றுதானே என்று சிலர் வாதிப்பர். இவ்வாதம் நில்லாது. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எச்செயலும் குற்றம் கலவாததன்று என்று ஒப்புக்கொள்கிறது. அதனைக் கொண்டு குற்றங்கள் யாவும் ஓரெடை என்று அது கூறிவிடவில்லை. அளவு நோக்கினால் வேற்றுமை மலைக்கும் மடுவுக்கும் உள்ளதே. 119 நாடுகளின் பண்ணைகளை ஆராய்ந்து பூர், நெமெசெக் என்னும் இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, 100 கிராம் புரதம் தருமளவு மாட்டிறைச்சிக்கு, உலகச் சராசரியில் ஏறத்தாழ 50 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான கேடு விளைகிறது. அதே புரதத்தைத் தரும் பட்டாணிக்கு அரை கிலோவும் ஆவதில்லை. ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 4 கிலோ, கோதுமைக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ. ஆதலின் புலால் தவிர்த்தல் பெரும்படி என்பதில் ஐயமில்லை. அதன்மேல் ஏறவேண்டிய படிகள் இன்னும் உள்ளன என்பதே ஈண்டுச் சொல்லப் புகுந்தது. ஒரு படி ஏறியவன் அங்கேயே நின்று கீழே இருப்பவனை ஏளனம் செய்தால், அவன் ஏறிய பயனையும் இழந்தவனாவான்.

இவ்வேளனம் வெறும் பேச்சளவில் நிற்பதில்லை. நாட்டின் சில பகுதிகளில், பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவில் முட்டை சேர்ப்பதையே மரக்கறி உணவின் பெயரால் எதிர்ப்போர் உளர். தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தில் முட்டை உண்ணும் குழந்தைக்கு முட்டையும், உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழமும் வழங்கும் வழக்கம் உண்டு. அவரவர் ஆசாரத்தை மதிக்கும் முறை இது. மெலிந்த ஒரு குழந்தைக்குக் கிட்டும் சத்தை, தம் வீட்டில் பாலும் பருப்பும் நெய்யும் குறைவற உண்போர் தடுத்தால், அது கோழிக்குக் காட்டிய கருணையாகுமேயன்றிக் குழந்தைக்குச் செய்த ஹிம்சையும் ஆகும். பிறர் இலையின்மேல் கைநீட்டுவதற்கு அஹிம்சை என்று பெயரிடுதல் பொருந்தாது.

சட்டத்தால் இதனைச் சாதிக்கலாம் என்று எண்ணுவோர்க்கும் ஒரு முன்னிகழ்ச்சி உண்டு. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்க 1950இல் தமிழகத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நெடுநாள் ஏட்டளவில் கிடந்த அதனை, 2003இல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு ஆணையிட்டபோது, கிராமதேவதை வழிபாடுடைய மக்களிடையே பெரும் மனக்கசப்பு மூண்டது. 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. பலி நின்றபாடில்லை. தம் ஆசாரத்தைப் பிறர் இழிவுபடுத்தினர் என்ற புண் மட்டும் மிஞ்சிற்று.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் படைவீட்டு இராச்சியத்தின் வரலாற்றிலேயே கிடைக்கிறது. சம்புவராயர்க்குத் தலைநகராயிருந்து, பின் விஜயநகரப் பேரரசில் ஓர் இராச்சியத்திற்குப் பெயர் தந்த ஊர் படவேடு. தேவராய மகாராயர் காலத்தில், 1426இல், இவ்விராச்சியத்து அந்தணர், கன்னடியர் தமிழர் தெலுங்கர் இலாடர் என்ற பேதமின்றிக் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். பெண் கொடுப்பதும் கொள்வதும் கன்னிகாதானமாகவே நடைபெற வேண்டும், பொன் வாங்கிப் பெண் கொடுப்பவனும் பொன் கொடுத்து மணம் புரிபவனும் அரச தண்டனைக்கு உரியர், அந்தணர் கூட்டத்தினின்றும் விலக்கப்படுவர் என்பது அதன் சாரம். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரம் கோயிலில் அது கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. கருதத்தக்கது யாதெனின், அவ்விதியை அவர்கள் ஊரார்மேல் சுமத்தவில்லை. தம்மிடையே புகுந்த குற்றத்தைத் தாமே கண்டு, தம்மைத் தாமே கட்டிக்கொண்டு, கையொப்பமும் இட்டனர்.

அத்தகைய கட்டுப்பாடு இன்றும் தமிழகத்தில் ஆண்டுதோறும் நிகழ்கிறது. 2014ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த கணக்கின்படி, இம்மாநிலத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலால் உண்போர். திருவிழாவிற்கு வரும் பக்தகோடிகளிலும் பெரும்பாலோர் அவ்வாறே. ஆயினும் புரட்டாசி பிறந்துவிட்டால், திருவேங்கடமுடையானை நினைந்து இலட்சோபலட்சம் குடும்பங்கள் சனிக்கிழமைதோறும், பலர் மாதம் முழுவதுமே, புலாலைக் கைவிடுகின்றனர். கோழியும் மீனும் விலை சரிவது ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வருகிறது. இதற்கு ஆணையிட்டார் ஒருவருமில்லை. வாரம் ஒரு நாள் என்று பச்சௌரி உலகைக் கேட்டதனை, கேளாமலே செய்துவரும் மக்கள் இவர்கள். இவர்களைத் தாழ்வாக நோக்கும் மரக்கறி உணவினர், தம் பங்கிற்குத் தாம் எதனைத் துறந்தோம் என்று கேட்டுக்கொள்ளல் தகும். பிறவியிலேயே பழகாத ஒன்றை உண்ணாதிருத்தல் எளிது. நாவுக்கு இனித்த ஒன்றை எம்பெருமானுக்காக ஒரு மாதம் விடுதல் அதனினும் அரிதன்றோ?

அவர்கள் மேற்கொள்ளத்தக்க விரதங்கள் பல உள. நெல்வயலுடையோர் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டலாம். வயல் மட்டத்திற்குக் கீழே 15 சென்டிமீட்டர் ஆழம்வரை நீர் இறங்கவிட்டு மீண்டும் பாய்ச்சுவதும், பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் வற்றாது காப்பதும் அம்முறை. முறையாகச் செய்தால் விளைச்சல் குன்றாமலே மீத்தேன் பாதியளவு வரையிலும், நீர்ச்செலவு நூற்றுக்கு 30 பங்கு வரையிலும் குறையக்கூடும். உண்போர், ஜவ்வாது மலைவாசிகள் மழையை மட்டும் நம்பி விளைவிக்கும் சாமையைத் தம் அடுப்புக்கு மீண்டும் அழைக்கலாம். நீர் தேங்காத நிலத்தில் விளைவதால் அதில் நெல்வயலின் தோஷம் இல்லை. ஆடி மாதத்தில் அம்மன் சந்நிதிகளில் வார்க்கும் கேழ்வரகுக் கூழும் இவ்வகையதே. ஏகாதசியன்று அரிசி தவிர்க்கும் வைஷ்ணவர்க்கு மாதம் இருமுறை அவ்விரதம் கைவந்ததுதான். பலகாரம் என்ற பெயரால் நெய்யும் எண்ணெயும் அன்று இருமடங்காகாமல் பார்த்துக்கொண்டால் போதுமானது.

இவையனைத்திலும் முதன்மையானது இலையில் மீதம் வையாமை. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கு. உண்போரை எட்டும் உணவில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எறிந்த அன்னம் குப்பைமேட்டில் காற்றின்றி அழுகி மறுபடியும் மீத்தேனாகிறது. வயலில் ஒருமுறையும் குப்பையில் மறுமுறையுமாக, ஒரே பருக்கை இருமுறை உலகைச் சுடுகிறது. திருவிழாவில் ததீயாராதனத்திற்கு அமரும் அடியார், பரிமாறுவோர் கரண்டியை நீட்டும்போதே போதுமென்று கைகாட்டுதலும், பரிமாறுவோர் வற்புறுத்தாது விடுதலும் பிரஸாதத்திற்குச் செய்யும் மரியாதையேயாகும். நிமித்த தோஷத்தை இலையில் மயிர் விழுவதோடு முடித்துக்கொள்ளாமல், இலையிலிருந்து எறியப்படுவது எங்குச் சென்று என்ன ஆகிறது என்பதுவரை கொண்டு செல்லும் கடமை இக்காலத்தார்க்கு உரியது.

மீத்தேனுக்கு ஓர் இயல்பு உண்டு. கரியமில வாயுவைப் போல் நூற்றாண்டுகள் தங்காது, ஏறத்தாழ 12 ஆண்டுகளில் அது காற்றில் சிதைந்துவிடும். ஆதலின் இன்று மேற்கொள்ளும் விரதத்தின் பயனை, இன்று திருவிழாவிற்குத் தோளில் தூக்கிவரப்படும் குழந்தை வளர்ந்து நிற்கும் பருவத்திலேயே காணலாகும்.

படவேட்டில் எழுந்தருளியிருக்கும் யோகராமன் திருக்கரத்தில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. யோகநிலையில் அமர்ந்து, ஞானமுத்திரை தாங்கி, திருவடியாகிய அனுமனுக்கு உபதேசிக்கும் திருக்கோலம் அது. பகைவனை வெல்லும் வில்லைக் கீழே வைத்துத் தன்னை அடக்கியிருக்கும் அத்திருமேனியைச் சேவிப்போர், பிறரைத் திருத்தும் அம்பைத் தாமும் கீழே வைத்து, தம் இலையைத் தாமே நோக்கும் தெளிவு பெறுவாராக. ஆண்டாள் வேண்டிய கேடு செய்யாத மழையை எம்பெருமான் இம்மண்ணுக்கு அருள்வானாக.

சுபம்.